சந்தைப் பையும் குடும்பத் தலைவரும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாட்டு மக்கள் அரிசியும் பருப்பும் எவ்வாறு வாங்கினர், வீட்டில் யார் சென்று வாங்கினர், அவர் சென்ற நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டனர் என்னும் வினாக்கள் வரலாற்று ஏடுகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்துற்ற காலங்களில் எல்லாம் அரசின் ஆணைகள் முதலில் சென்று தொட்ட இடம் அடுக்களையே ஆகும். இன்று உலை ஏறுமா என்பதே அக்காலங்களில் வீடுதோறும் எழுந்த முதற்கேள்வி.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. ஒரு வாரம் கழிந்து, 18ஆம் நாள், மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளும் கோயில்களும் பெரும்பாலான தொழிலகங்களும் மூடப்பட்டன. எளிய குடிமக்கள் வீட்டைவிட்டு வெளியேறுவதற்குச் சட்டம் இசைந்த மிகச் சில காரணங்களுள் உணவுப்பொருள் வாங்குதலும் ஒன்று. அதற்கும் வீட்டுக்கு ஒருவர் என்னும் வரம்பு இருந்தது. அந்த ஒருவரை அறிவிப்புகள் 'குடும்பத் தலைவர்' என்று குறித்தன.

மிக எளிய சொல்தான் அது. ஆயின் அச்சொல் ஒரு பெரிய வினாவை எழுப்பிவிட்டது. குடும்பத்தின் தலைவர் யார்? அடையாள அட்டையில் மூத்தவரா, சம்பளம் கொணர்பவரா, அரிசிப் பானையில் இன்னும் எத்தனை நாளைக்கு அரிசி உண்டு என்பதை அறிந்தவரா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இந்நாட்டில் முன்னர் நேர்ந்த நெருக்கடிகளையும் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

முன்னைய நெருக்கடிகள்

மலாயா ரப்பரையும் ஈயத்தையும் உலகுக்கு விற்று, தான் உண்ணும் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வாங்கிய நாடு. ஆதலின் கடல்வழி தடைப்பட்டால் இங்கே அடுப்பும் தடைப்படும். 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களிலும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்துயர் ஆறும் முன்னரே, 1919இல் அரிசித் தட்டுப்பாடு வந்து சேர்ந்தது. அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. இந்திய அரசு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விளைச்சல் பொய்த்த சயாமும் ஏற்றுமதியைத் தடை செய்தது. அரிசி வாணிகத்தை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. கொள்ளைநோயும் அரிசிக் கவலையும் ஒன்றன்பின் ஒன்றாக இந்நாட்டுக்கு வருவது 2020இல் முதன்முறை நிகழ்ந்ததன்று.

அதனினும் கொடியது ஜப்பானியர் ஆட்சிக்காலம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு குறைந்தது. 1944இல் சிங்கப்பூரில் ஒரு மாதத்திற்கு ஆடவர்க்கு 8 கட்டி, பெண்டிர்க்கு 6 கட்டி, பிள்ளைகளுக்கு 4 கட்டி என்று அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 600 கிராம். பசிக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லை. பங்கீட்டுக்கு இருந்தது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்குமே பல வீடுகளில் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

அதே காலத்தில்தான் தோட்டப்புறத் தமிழ் ஆடவர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சியிருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும். கிழங்கு பயிரிட்டதும், கீரை பறித்ததும், சேலையைக் கொடுத்து அரிசி மாற்றியதும் அப்பெண்களே. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் குடும்பத் தலைவர் எனக் குறிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்பம் அவர்கள் தலைமேல்தான் நின்றது.

மூன்றாவது நெருக்கடி 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத்து லயங்களும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் அடங்கின. காட்டில் இருந்த கிளர்ச்சியாளர்க்கு உணவு சென்றுவிடக் கூடாது என்பதே அரசின் நோக்கம். ஆகவே அரிசி அளவாக விற்கப்பட்டது. கடையில் விற்கப்படும் தகரக் குவளை உணவுகள் சேமித்து வைக்க முடியாதபடி துளையிட்டுக் கொடுக்கப்பட்டன. விடியலில் பால்மரம் சீவச் சென்ற ஆணும் பெண்ணும் வாயிலில் சோதனையிடப்பட்டனர். உணவைக் கையில் வைத்திருப்பதே ஐயத்திற்குரிய செயலாக இருந்த காலம் அது.

இம்மூன்று காலங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அரசு வாய்களை எண்ணியது, கட்டிகளை அளந்தது, வாயில்களைக் காத்தது. வாங்கிவந்து, பகுத்து, சமைத்து, பிள்ளைக்கு முதலில் இட்டு, தான் இறுதியில் உண்ட உழைப்பை எவரும் எண்ணவில்லை.

தோட்டத்து மூன்று துணைகள்

தோட்டத்தில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக வேலைக்குச் சென்றனர். இருள் பிரியும் முன்னரே பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்ஙனமாயின் பிள்ளைகளை யார் பார்த்தனர்? மளிகைப் பொருள் வாங்க நேரம் ஏது? இவ்வினாக்களுக்குத் தோட்ட வாழ்வு மூன்று விடைகளை வைத்திருந்தது.

முதலாவது, ஆயாக் கொட்டகை. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் அங்கே விடப்பட்டனர். மூத்த பெண்ணொருத்தி அவர்களைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது, நடந்து செல்லும் தொலைவில் இருந்த தோட்டக்கடை. அங்கே பற்றுப் புத்தகத்தில் எழுதிப் பொருள் வாங்கலாம். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கலாம். மூன்றாவது, அடுத்த வாசலில் வாழ்ந்த அக்காவும் அத்தையும். பானையில் உப்பு இல்லையென்றால் லயத்தின் மறுகோடிவரை கேட்டுப் பெறலாம்.

இவற்றை மிகைப்படுத்திப் புகழ வேண்டுவதில்லை. ஆயாக் கொட்டகை பல இடங்களில் வெறும் கூரையும் தொட்டில்களுமாகவே இருந்தது. பற்றுப் புத்தகம் பல குடும்பங்களைக் கடனில் கட்டிவைத்தது. கூலியோ மிகக் குறைவு. எனினும், வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்திக்குப் பிள்ளையைக் காக்க ஓர் இடமும், பொருள் வாங்க ஒரு கடையும், அவசரத்துக்கு ஓர் அயலாரும் வேண்டும் என்னும் உண்மையை அவ்வாழ்வு அறிந்திருந்தது. பெண்ணின் உழைப்பு தோட்டத்துக்குத் தேவைப்பட்டமையால் எழுந்த ஏற்பாடே அது. இரக்கத்தால் எழுந்ததன்று. ஆயினும் ஏற்பாடு இருந்தது.

பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பின்னர் அவை வீடமைப்பு நிலங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியதும் அனைவரும் அறிந்த வரலாறு. துண்டாடல் நிகழ்ந்த காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது தோட்டங்கள் சிலவற்றைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க இயலவில்லை. அடுத்த தலைமுறைகள் நகர்ப்புறக் குறைந்த விலை அடுக்குமாடிகளில் குடியேறின. கூலி சற்று உயர்ந்தது, பள்ளி அருகில் வந்தது, மின்சாரமும் குழாய்நீரும் கிடைத்தன. ஆயின் அந்த மூன்று துணைகளும் உடன்வரவில்லை. ஆயாக் கொட்டகையின் இடத்தில் மாதக் கட்டணம் பெறும் குழந்தைப் பராமரிப்பு இல்லம் வந்தது. பற்றுக்கடையின் இடத்தில் கையில் காசு கேட்கும் பேரங்காடி வந்தது. அடுத்த கதவுக்குள் வாழ்பவர் பெயர்கூடத் தெரியாத நிலையும் வந்தது. இந்த மாற்றத்தின் முழு விலையும் 2020ஆம் ஆண்டுவரை கண்ணுக்குப் புலப்படவில்லை.

வீட்டுக்கு ஒருவர்

மார்ச்சு 16ஆம் நாள் இரவு பிரதமர் முகிதீன் யாசின் ஆணையை அறிவித்தார். அவ்வறிவிப்பை ஒட்டிய இரு நாள்களில் பேரங்காடிகளில் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். ரொட்டி அடுக்குகள் வெறுமையாயின. அரிசி, முட்டை, மாவு, நெத்திலி, மைலோ என்று தள்ளுவண்டிகள் நிறைந்தன. உணவு போதிய அளவு உண்டு என்று அரசு கூறியும் அச்சம் அடங்கவில்லை. அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. மார்ச்சு 24இல் இந்தியாவும் நாடு தழுவிய முடக்கத்தை அறிவித்தது. வெங்காயமும் பருப்பும் மிளகாயும் அங்கிருந்து வரவேண்டியவை. வியட்நாமும் அத்திங்களில் புதிய அரிசி ஏற்றுமதி ஒப்பந்தங்களைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

ஏப்ரல் முதல் நாளிலிருந்து விதிகள் இறுகின. இன்றியமையாப் பொருள் விற்கும் கடைகள் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டுமே திறந்திருக்கலாம். வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் வட்டத்திற்குள் உள்ள கடைக்கே செல்லலாம். மீறுவோர்க்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காவல்துறையினரின் சாலைத் தடுப்புகளில் மார்ச்சு 22 முதல் இராணுவத்தினரும் நின்றனர். கடை வாயிலில் உடல் வெப்பம் அளக்கப்பட்டது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைக்கப்பட்டன. ஒரு மீட்டர் இடைவெளிவிட்டு வரையப்பட்ட கோடுகளில் மக்கள் காத்து நின்றனர். கடைக்குச் செல்லுதல் என்னும் அன்றாடச் செயல் எல்லை கடக்கும் பயணம் போலாயிற்று.

குடும்பத் தலைவர் என்ற சொல்லைக் கேட்ட பல வீடுகளில் கணவன்மாரே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினர். அதன்பின் நிகழ்ந்தவை நாடெங்கும் நகைப்புக்கு இடமளித்தன. தண்டுக்கீரைக்கும் கங்கோங்கிற்கும் வேறுபாடு அறியாது நின்றவர்கள், இஞ்சிக்கும் சித்தரத்தைக்கும் இடையே தடுமாறியவர்கள், மீன் வரிசையின் முன் நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் படம் காட்டியவர்கள் எனப் பலரைச் செய்தித்தாள்கள் எழுதின. காய்கறிகளைப் படங்களுடன் விளக்கும் குறிப்புகளும் கைப்பேசிகளில் பரவின.

நகைப்பு ஒருபுறம் இருக்க, அதனுள் பொதிந்திருந்த பாடம் ஆழமானது. பொருள் வாங்குதல் என்பது வெறும் நடையன்று. அது ஓர் அறிவு. எந்த வெங்காயம் ஒரு வாரம் தாங்கும், எந்த மீன் பிள்ளைக்கு ஒவ்வாது, எந்தப் பருப்பு விரைவில் வேகும், மாமியாரின் நீரிழிவுக்கு எது ஆகாது, கையிலுள்ள 80 ரிங்கிட்டில் எதை விட்டு எதை வாங்குவது என்பவை அனைத்தும் அந்த அறிவில் அடங்கும். ஆண்டுக்கணக்கில் பயின்ற அவ்வறிவுக்குப் பெயரும் இல்லை, சான்றிதழும் இல்லை, ஊதியமும் இல்லை. அது வேறொருவர் கையில் ஒருநாள் ஒப்படைக்கப்பட்டபோதுதான், அப்படி ஒன்று உண்டு என்பதே பல வீடுகளில் தெரியவந்தது.

அதே மார்ச்சுத் திங்களின் இறுதியில், முடக்கக் காலத்தில் மனைவியர் வீட்டில் எவ்வாறு ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவரிடம் எத்தகைய குரலில் பேச வேண்டும் என்று அறிவுரை கூறும் சுவரொட்டிகளை மகளிர் அமைச்சு சமூக ஊடகங்களில் வெளியிட்டது. கண்டனம் எழவே அமைச்சு வருத்தம் தெரிவித்தது. வீட்டிலிருந்தே அலுவலகப் பணியும், பிள்ளையின் பாடமும், மூன்று வேளைச் சமையலும் ஒருங்கே செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அன்று தேவைப்பட்டது அத்தகைய அறிவுரையன்று.

வேலையும் பிள்ளையும் வரிசையும்

முடக்கம் என்றபோதிலும் எல்லாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. மருத்துவமனைச் செவிலியர், துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், சுமையுந்து ஓட்டுநர், உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளர், பேரங்காடிக் காசாளர் முதலியோர் நாள்தோறும் வேலைக்குச் சென்றனர். அவர்களுள் பெற்றோராய் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலை 7 மணிக்குப் பணிக்குச் சென்று மாலை 7 மணிக்குத் திரும்பும் பாதுகாவலர்க்கு, 8 மணிக்கு அடைக்கப்படும் கடை எவ்வாறு பயன்படும்? வாயில் வரிசையே ஒரு மணி நேரம் நீளும். உள்ளே செல்லும் வாய்ப்புக் கிடைக்கும்போது காய்கறித் தட்டுகள் வெறுமையாய் இருக்கும். இரவுப் பணி முடித்த செவிலியர் உறக்கத்தை விட்டுக் காலை வரிசையில் நிற்க வேண்டும். வீடு திரும்பியதும் பிள்ளையை அணைக்கும் முன் குளிக்க வேண்டும். வாங்கிய பொருள்களைத் துடைத்து வைக்க வேண்டும். தன் கையால் நோய் வீட்டுக்குள் புகுந்துவிடுமோ என்னும் அச்சம் உடையையும் பையையும் காலணியையும் தொடர்ந்து வந்தது.

கணவனும் மனைவியும் உள்ள வீட்டிலேயே இந்நிலை என்றால், தனித்து வாழும் தாய்மாரின் நிலை என்னாவது? வீட்டுக்கு ஒருவர் என்றது விதி. சிறு பிள்ளைகளை உள்ளே விடாத கடைகள் பல. குழந்தைப் பராமரிப்பு இல்லங்கள் மூடியிருந்தன. வேறு ஊரில் இருந்த பாட்டி வர இயலாது. பிள்ளையை வீட்டில் தனியே விட்டுச் செல்லலாமோ எனின், தக்க மேற்பார்வையின்றிப் பிள்ளையை விடுதல் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி குற்றம். உடன் அழைத்துச் சென்றால் ஒரு விதி தடுக்கும். விட்டுச் சென்றால் மற்றொரு சட்டம் தடுக்கும். செல்லாமலே இருந்தால் பசி விடாது. மூன்று கதவுகளும் அடைபட்ட இந்த நிலையைத்தான் அக்காலத்துப் பல தாய்மார் வாய்பேசாது கடந்தனர். தோட்டத்து ஆயாக் கொட்டகை எத்தகைய தேவைக்கு விடையாக இருந்தது என்பது அப்போது விளங்கியது.

ஏப்ரல் திங்கள் இறுதியில், ஒரே வீட்டில் வாழும் இருவர் பொருள் வாங்கச் செல்லலாம் என்று விதி தளர்ந்தது. 2020 அக்டோபரில் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களிலும், 2021 ஜனவரியில் ஆணை மீண்டும் வந்தபோதும் வீட்டுக்கு இருவர் என்பதே விதியாயிற்று. ஒருவர் இருவரானது சிறு மாற்றமே. ஆயினும் இரண்டாவது பெரியவரே இல்லாத வீட்டுக்கு அம்மாற்றமும் எட்டவில்லை.

தோட்டமும் சந்தையும் தடைப்பட்ட நாள்கள்

நுகர்வோர் ஒருபுறம் வரிசையில் நிற்க, விளைத்தோர் மறுபுறம் விற்க வழியின்றி நின்றனர். மார்ச்சுத் திங்களில் கேமரன் மலை உழவர்கள் போக்குவரத்தும் சந்தைகளும் தடைப்பட்டமையால் பறித்த காய்கறிகளைக் கொட்ட நேர்ந்தது. நகரில் கீரைக்கு மக்கள் அலைந்த நாள்களில் மலையில் முட்டைக்கோசு மண்ணாயிற்று.

ஏப்ரல் 7ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலுள்ள சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டு ஆணை விதிக்கப்பட்டது. முட்கம்பி சூழ்ந்த அக்கட்டடங்களிலிருந்து எவரும் வெளியேற இயலாது. உணவு வெளியிலிருந்து வழங்கப்பட்டது. தமிழர் துணியும் மளிகையும் வாங்கி, இட்டிலியும் தோசையும் உண்ட தெரு அது. ஏப்ரல் 14இல் சித்திரைப் புத்தாண்டு பிறந்தபோது சுற்றுப்புறத் தெருக்களும் அதே ஆணைக்குள் அடங்கின. அம்முறை புத்தாண்டு மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் தேடிச் செல்லத் தெருவே இல்லை. ஏப்ரல் 20இல் செலாயாங் மொத்த விற்பனைச் சந்தையைச் சூழ்ந்த பகுதிக்கும் அத்தகைய ஆணை வந்தது. அவசரகாலத்து முள்வேலியைக் கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை, வேறொரு காரணத்திற்காக அதனை நேரில் கண்டது.

பாலத்தின் அக்கரையில்

சிங்கப்பூரில் நிலை சற்று வேறுபட்டது. 2020 பிப்ரவரி 7இல் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டபோதே அங்குக் கடைத் தட்டுகள் ஒருமுறை வெறுமையாகியிருந்தன. மலேசியாவின் ஆணை வந்தபோது மீண்டும் மக்கள் கடைகளுக்கு விரைந்தனர். காய்கறிகளும் முட்டையும் கோழியும் பெருமளவு பாலம் கடந்தே அங்குச் செல்பவை அல்லவா? ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அந்நாட்டில் நோய்முறியடிப்பு நடவடிக்கை நடைமுறையில் இருந்தது. ஏப்ரல் 22 முதல், கூட்டம் மிகுந்த கேலாங் சிராய்ச் சந்தை உள்ளிட்ட நான்கு சந்தைகளில், அடையாள அட்டை எண்ணின் இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஒற்றை நாளிலும், இரட்டையாயின் இரட்டை நாளிலும் மட்டுமே நுழையலாம் என விதிக்கப்பட்டது. அவ்விதி தலைவர் யார் என்று கேட்கவில்லை. எண் என்ன என்று மட்டுமே கேட்டது. ஒரு நெருக்கடியில் அரசு குடிமக்களை எந்தச் சொல்லால் எண்ணுகிறது என்பது தற்செயலன்று. அச்சொல்லின் பின்னே ஒரு குடும்பப் படம் இருக்கிறது என்பதற்கு இவ்விரு விதிகளும் சான்றாகும்.

ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் சென்றவர் ஏறத்தாழ 3 இலட்சம் என்பர். மார்ச்சு 18க்குப் பின் அவர்களுள் பலர் அக்கரையில் தங்கி வேலையைக் காத்துக்கொண்டனர். ஆகஸ்டு 17இல் இரு நாடுகளுக்கிடையே முறைப்படுத்தப்பட்ட பயணம் தொடங்கும்வரை பெற்ற பிள்ளையைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்ட தந்தையரும் தாயரும் பலர். அவர்கள் அனுப்பிய பணத்தில் இக்கரையில் தாத்தா பாட்டிமார் பை தூக்கினர்.

சுருங்கிய பட்டியல், உயர்ந்த கொடி

பொருள் கடையில் இருந்தாலும் கையில் காசு இல்லையேல் பயனில்லை. 2020 மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காடாக உயர்ந்தது. மார்ச்சு 27இல் அறிவிக்கப்பட்ட பரிவு உதவித்தொகையின்படி, மாதம் 4,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் வருவாய் உள்ள குடும்பத்திற்கு 1,600 ரிங்கிட் இரு தவணைகளில் வழங்கப்பட்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை ஓராண்டுக்கு எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. முதுமைக்கு வைத்த பணம் இளம்பிள்ளையின் பால்மாவாயிற்று.

நாள்கூலியில் வாழ்ந்த வீடுகளில் பட்டியல் வாரந்தோறும் சுருங்கியது. முதலில் பழம் போகும். பின்னர் மீன் போகும். அதன்பின் பால்மாவின் அளவு குறையும். அரிசியும் முட்டையும் கிழங்கும் எஞ்சும். இறுதியில், தாய்க்குப் பசி இல்லையென்று சொல்லப்படும். கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடிகளில் ஐ.நா. சிறுவர் நிதியமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 2020இல் நடத்திய ஆய்வு, பெண் தலைமை ஏற்ற குடும்பங்களே மிகுதியும் தாக்குண்டன என்று எடுத்துக்காட்டியது.

2021 ஜூன் முதல் நாள் முழு முடக்கம் மீண்டும் வந்தது. அத்திங்கள் இறுதியில், உணவின்றித் தவிப்போர் வீட்டு வாசலில் வெள்ளைத்துணியைத் தொங்கவிடுக, அண்டை அயலார் உதவுவர் என்னும் இயக்கம் மக்களிடையே தோன்றியது. போரில் வெள்ளைக்கொடி தோல்வியின் அடையாளம். இங்கே அது அயலாரை அழைக்கும் குரலாயிற்று. பல இன மக்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் சிறு கடைக்காரரும் அரிசியும் எண்ணெயும் முட்டையும் கொண்டு சென்று கொடுத்தனர். லயத்தில் உப்புக் கேட்டு நடந்த பாட்டியின் வழக்கம், அடுக்குமாடியின் பலகணியில் ஒரு துணியாய் மீண்டு வந்தது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டி நாணமின்றிக் கேட்டாள், ஏனெனில் நாளை அவளிடமும் கேட்பர். அடுக்குமாடித் தாயோ அத்துணியைத் தொங்கவிடும் முன் பலமுறை எண்ணியிருப்பாள். உதவி வந்தது பெருமைக்குரியது. துணி தொங்கவேண்டிய நிலை வந்தது சிந்தனைக்குரியது.

வகுப்பறைக்கு உரிய வரலாறு

குடும்பத் தலைவர் யார் என்னும் தொடக்க வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. தலைமை என்பது பட்டமன்று, பொறுப்பு. சயாம் ரயில் பாதைக்குக் கணவனை இழந்து கிழங்கு நட்டவளும், இருளில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் சீவியவளும், இரவுப் பணி முடித்து ஒரு மீட்டர்க் கோட்டில் நின்ற செவிலியும், கீரையின் பெயரைக் கற்றுக்கொண்டு மறுவாரம் பிழையின்றி வாங்கிவந்த தந்தையும் அப்பொறுப்பை ஏற்றவர்களே. அடுத்த நெருக்கடிக்கு விதி எழுதுவோர், வீட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணுமுன், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளையை அந்நேரத்தில் யார் பார்ப்பர் என்று கேட்பாராயின், இத்துன்பங்களுள் பாதி குறையும்.

ஜப்பானியர் காலத்துப் பங்கீட்டு அட்டைகளுள் பெரும்பாலானவை கிழிந்தும் கறையானுக்கு இரையாகியும் மறைந்தன. அவற்றைக் கையில் வைத்திருந்த பாட்டிமாரும் மறைந்தனர். அவர்களிடம் எவரும் கேட்டு எழுதி வைக்காத செய்திகள் இனிக் கிடைக்கமாட்டா. 2020ஆம் ஆண்டின் சான்றுகளோ இன்னும் வீடுகளில் உள்ளன. கைப்பேசியில் கிடக்கும் பட்டியல்கள், இழுப்பறையில் மங்கிக்கொண்டிருக்கும் கடைச் சீட்டுகள், தாயின் நினைவிலும் தந்தையின் நினைவிலும் உள்ள வரிசைகள் ஆகியவையே அவை. கடைச் சீட்டின் எழுத்துச் சில ஆண்டுகளில் அழிந்துபோகும் தன்மையது.

தமிழாசிரியர்கள் கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புத் தேடும்போது இதனை எண்ணிப் பார்க்கலாம். அந்நாள்களில் வீட்டில் யார் கடைக்குச் சென்றார், என்ன வாங்கினார், எதை வாங்காது விட்டார், அவர் திரும்பும்வரை வீட்டில் யார் இருந்தார் என்னும் நான்கு வினாக்களை மாணவர் தம் பெற்றோரிடம் கேட்டு எழுதினால் போதும். ஒரு வகுப்பில் முப்பது கட்டுரைகள் சேர்ந்தால் அவையே ஒரு சிற்றூரின் வரலாறு ஆகும். கேட்கப்படும் தாய்க்கோ தந்தைக்கோ, தாம் செய்தது வெறும் கடைக்குப் போய்வந்த வேலையன்று என்பதைப் பிள்ளையின் வாயால் அறியும் முதல் வாய்ப்பாகவும் அது அமையும்.